வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு எறிந்தவர்: ஃபெர்னாண்டோ வலென்சுவேலா நினைவாக

2024 அக்டோபர் 22 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் தம் 63-ஆம் வயதில் காலமான டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் பிட்சர் (பந்து எறிபவர்) ஃபெர்னாண்டோ வலென்சுவேலாவைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். 173 வெற்றிகளும் 153 தோல்விகளுமாக முடிந்த ஒருவருக்காக, அமெரிக்க பேஸ்பாலின் புகழ்க்கூடமான ஹால் ஆஃப் ஃபேமில் உயிருடன் இருந்தவரை இடம் கிடைக்காத ஒருவருக்காக, ஒரு மாநகரம் ஏன் அப்படி அழுதது என்பது முதல் கேள்வி. பேஸ்பால் அதிகம் பார்த்திராத ஒருவர் அவருடைய ஆட்டங்களில் ஒன்றே ஒன்றைப் பார்ப்பதென்றால் எதைப் பார்க்கலாம் என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குப் பதில் சொல்ல ஆட்டக் கணக்கை எடுத்து வைத்தால் போதாது. அந்த மைதானம் நிற்கும் மண்ணிலிருந்து தொடங்க வேண்டும்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1980-இல் மேற்படிப்புக்காக லாஸ் ஏஞ்சலிஸ் வந்தவன் நான். அதன் பிறகு அந்த ஊரை விட்டுப் போகவில்லை. கிரிக்கெட்டில் வளர்ந்த கண்ணுக்கு பேஸ்பால் முதலில் பிடிபடவே இல்லை. வாடகைக்கும் புத்தகத்துக்கும் கைப்பணம் போதாததால் மாலை வேளைகளில் ஓர் உணவகத்தின் சமையலறையில் பாத்திரம் கழுவினேன். அங்கே என்னுடன் வேலை செய்த, ஐம்பதைக் கடந்த மெக்சிகோ வம்சாவளிப் பெரியவர் ஒருவர் என்னை ‘மிஹோ’ என்றுதான் கூப்பிடுவார். ஸ்பானிய மொழியில் ‘என் மகனே’ என்று பொருள். தட்டுகளை அடுக்கும் அலமாரியின் மேல் அவருடைய சிறிய ரேடியோ இருக்கும். அதில் எல்லா ஆட்டங்களையும் கேட்பவர், மைதானத்துக்கு மட்டும் ஒருநாளும் போனதில்லை. ஏன் என்று கேட்டபோது, “நாங்கள் குடியிருந்த தெரு அந்தக் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடக்கிறது, மிஹோ. அதன் மேல் காரை நிறுத்திவிட்டு விளையாட்டுப் பார்க்கச் சொல்கிறாயா?” என்றார்.

அவர் சொன்னது உருவகம் அல்ல. டாட்ஜர் ஸ்டேடியம் இருக்கும் சாவேஸ் ரவீன் என்ற குன்றுப் பகுதியில் பாலோ வெர்டே, லா லோமா, பிஷப் என்று மூன்று குடியிருப்புகள் இருந்தன. பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் வாழ்ந்த அவ்விடத்தில் ஆடுகளும் கோழிகளும் காய்கறித் தோட்டங்களும் இருந்தன. பள்ளிக்கூடமும் தேவாலயமும் இருந்தன. 1950-இல், அரசு அங்கே பொதுக் குடியிருப்புகள் கட்டப்போகிறது, காலி செய்யுங்கள் என்று கடிதங்கள் வந்தன. புதிய வீடுகளில் முதல் இடம் உங்களுக்கே என்ற வாக்குறுதியும் அவற்றோடு வந்தது. பெரும்பாலோர் கிடைத்த தொகையை வாங்கிக்கொண்டு போனார்கள். பிறகு அரசியல் காற்று மாறியது. குடியிருப்புத் திட்டம் கைவிடப்பட்டது. புரூக்ளினிலிருந்து டாட்ஜர்ஸ் அணியை வரவழைத்த நகர நிர்வாகம் அந்த நிலத்தை அணிக்குக் கொடுத்தது. போகமாட்டோம் என்று இருந்த கடைசிக் குடும்பங்களை 1959 மே மாதம் காவலர்கள் வீட்டிலிருந்து வெளியேற்றினார்கள். ஒரு பெண்ணைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு படியிறங்கும் காட்சியைப் புகைப்படங்களாகவும் தொலைக்காட்சியிலும் ஊரே பார்த்தது. இடித்துக்கொண்டிருக்கவும் நேரமில்லாததுபோல் பாலோ வெர்டே பள்ளிக்கூடத்தின் கூரையை மட்டும் எடுத்துவிட்டு உள்ளே மண்ணைக் கொட்டி மூடினார்கள். 1962 ஏப்ரல் 10-இல் ஸ்டேடியம் திறக்கப்பட்டது. அழகான மைதானம்தான், பின்புறம் மலைத்தொடரும் பனைகளும் தெரிய மாலை வெயில் இறங்கும் நேரத்தில் அதைப்போல் ஒன்றை நான் பார்த்ததில்லை. ஆனால் நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் வாழ்ந்த பல குடும்பங்கள் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அதற்குள் காலெடுத்து வைக்கவில்லை.

மெக்சிகோவின் சோனோரா மாநிலத்தில் எச்சோவாகிலா என்ற ஒரு சிற்றூர் உண்டு. அங்கே சிறு நிலம் வைத்திருந்த உழவர் குடும்பத்தில் பன்னிரண்டு பிள்ளைகளில் கடைசியாக, 1960 நவம்பர் 1 அன்று பிறந்தவர் ஃபெர்னாண்டோ. அண்ணன்மாரோடு ஊர்ப் பொட்டலில் விளையாடத் தொடங்கியவர் பதின்ம வயதிலேயே தொழில்முறை ஆட்டக்காரராகி மெக்சிகோவின் அணிகளில் சுற்றினார். கியூபாவில் பிறந்த மைக் பிரிட்டோ என்ற, இளம் வீரர்களைத் தேடிப்பிடிக்கும் டாட்ஜர்ஸ் ஸ்கவுட் ஒருநாள் சிலாவோ என்ற ஊருக்கு வேறொரு இளைஞரின் ஆட்டத்தைப் பார்க்கப் போனார். பிரிட்டோ பார்க்கப் போன அந்த இளைஞரை எதிரணியின் கனத்த உடல்வாகுள்ள இடதுகைப் பையன் ஒருவன் பந்தை அடிக்கவே விடாமல் ‘ஸ்ட்ரைக் அவுட்’ ஆக்கினான். பிரிட்டோ தாம் வந்த வேலையை மறந்துவிட்டு அந்தப் பையனைப் பார்க்க ஆரம்பித்தார். 1979 ஜூலையில் டாட்ஜர்ஸ் அணி 1,20,000 டாலர் கொடுத்து ஃபெர்னாண்டோவை வாங்கியது.

அவரிடம் நல்ல பந்துகள் இருந்தன. ஆனால் பெரிய களத்துக்கு இன்னொன்று வேண்டும் என்று அணியினர் நினைத்தார்கள். அதே ஆண்டின் இறுதியில், பாபி காஸ்டியோ என்ற சக பிட்சர் அவருக்கு ஸ்க்ரூபாலைக் கற்றுக்கொடுத்தார். இந்தப் பந்தைச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் ஃபெர்னாண்டோவின் ஆட்டமெல்லாம் அதில் அடங்கியிருக்கிறது. வழக்கமான கர்வ் பந்தை எறியும்போது கை வெளிப்புறமாகத் திரும்பும். ஸ்க்ரூபாலுக்கு முன்கையை நேர் எதிராக முறுக்க வேண்டும். பந்து விரலை விட்டுப் போகும் கணத்தில் கட்டைவிரல் தரையைப் பார்க்க, உள்ளங்கை உடலுக்கு வெளிப்புறமாகத் திரும்பியிருக்கும். நீங்களே வெறுங்கையால் ஒருமுறை செய்து பாருங்கள், முழங்கையின் உட்பக்கம் இழுப்பது தெரியும். இடதுகைக்காரர் இதைச் சரியாக எறிந்தால், வலதுகை பேட்டரை நோக்கி வரும் பந்து கடைசி நேரத்தில் அவரை விட்டு விலகிக் கீழே இறங்கும். கிரிக்கெட்டில் இடதுகைச் சுழற்பந்து வலதுகை ஆட்டக்காரரை விட்டு வெளியே திரும்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே தரையின் உதவி இல்லாமல் காற்றிலேயே அது நடக்கிறது. கற்றுக்கொள்ள ஆண்டுகள் ஆகும், கற்றவர்களும் தவிர்க்கும் அந்தப் பந்தை அவர் ஓர் ஆண்டுக்குள் தம்முடையதாக்கிக்கொண்டார். 1980 செப்டம்பரில் மேல்நிலை அணிக்கு அழைக்கப்பட்டுப் பத்து ஆட்டங்களில் இடையில் வந்து எறிந்தார்; அவர் பொறுப்பில் வந்த ரன் ஒன்றுகூட இல்லை.

1981 ஏப்ரல் 9 அன்று பருவத்தின் முதல் ஆட்டம். அன்று எறிய வேண்டிய ஜெர்ரி ராய்ஸுக்குக் காலில் காயம். அடுத்து நின்ற பர்ட் ஹூட்டனும் தயாராக இல்லை. அந்த இருபது வயதுக்காரரை இறக்குவதைத் தவிர மேலாளர் டாமி லசோர்டாவுக்கு வேறு வழியில்லை. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணிக்கு எதிராக ஒன்பது இன்னிங்ஸும் தாமே எறிந்து, ஒரு ரன்னும் கொடுக்காமல், 2-0 என்று வென்று கொடுத்தார். அதன் பிறகு நடந்ததை இன்று நினைத்தாலும் நம்புவதற்குச் சிரமமாக இருக்கிறது. முதல் எட்டு ஆட்டங்களிலும் வெற்றி. அவற்றில் ஐந்தில் எதிரணிக்கு ரன்னே இல்லை. எட்டு ஆட்டங்களிலும் சேர்த்து அவர் எறிந்த 72 இன்னிங்ஸில் அவர் கணக்கில் ஏறிய ரன்கள் நான்கு. அமெரிக்கப் பத்திரிகைகள் அந்தக் காய்ச்சலுக்கு ‘ஃபெர்னாண்டோமேனியா’ என்று பெயர் வைத்தன.

கணக்கைவிட அவருடைய தோற்றம் மக்களைக் கட்டிப்போட்டது என்று நான் நினைக்கிறேன். விளையாட்டு வீரருக்குரிய உடல் என்று விளம்பரங்கள் காட்டும் எதுவும் அவரிடம் இல்லை. வட்ட முகம், கழுத்தில் இறங்கும் முடி, பெல்ட்டுக்கு மேல் தெரியும் வயிறு. பக்கத்து வீட்டுப் பையன் என்று சொல்லும்படியான, கட்டடவேலைக்குப் போய் மாலையில் திரும்பும் எவரையும் போன்ற உருவம். அவர் எறியத் தொடங்கும்போது அந்த உருவமே மாறிவிடும். கைகள் இரண்டும் தலைக்கு மேலே போகும். வலது முழங்கால் மார்பளவு உயரும். அந்த உச்சியில், எல்லாப் பிட்சர்களும் கேட்சரின் கையுறையை விட்டுக் கண்ணெடுக்காத அந்தக் கணத்தில், அவருடைய கண்கள் மட்டும் மேலே உயர்ந்து வானத்தைப் பார்க்கும். இமை மூடித் திறக்கும் நேரம்தான். பிறகு பார்வை இறங்கும், கை வரும், பந்து போய்ச் சேரும். எங்கள் தெருவில் அந்தக் கோடையில் பந்து எறிந்த சிறுவர் சிறுமியர் அனைவரும் எறிவதற்கு முன் வானத்தைப் பார்த்தார்கள். பெரும்பாலும் பந்து வேலிக்கு அப்பால் போய் விழுந்தது.

அவருக்கு அப்போது ஆங்கிலம் தெரியாது. செய்தியாளர் கூட்டங்களில் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தவர் டாட்ஜர்ஸின் ஸ்பானிய வர்ணனையாளர், ஈக்வடாரில் பிறந்த ஹைமே ஹாரின். கேட்சர் மைக் சியோஷியா அவருடன் பேசுவதற்காகவே ஸ்பானிய மொழி கற்றுக்கொண்டார். சமையலறைகளிலும் தையல் ஆலைகளிலும் தோட்டங்களிலும் வேலை செய்த மக்கள், ‘ஆங்கிலத்தில் பேசு’ என்ற அதட்டலை நாள்தோறும் கேட்டுப் பழகியவர்கள், தங்கள் மொழியில் பதில் சொல்லும் ஓர் இளைஞருக்காக அமெரிக்கச் செய்தியாளர்கள் காத்திருப்பதைப் பார்த்தார்கள். அந்த ஜூன் மாதம் வெள்ளை மாளிகையில் அதிபர் ரீகனும் மெக்சிகோ அதிபர் லோபெஸ் போர்டியோவும் கலந்துகொண்ட விருந்துக்கும் அவர் அழைக்கப்பட்டார். மொழியை வைத்து ஒருவரை எடைபோடுவதைத் தமிழர்களான நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பெரியவரின் முகத்தில் அப்போது நான் கண்ட நிமிர்வு உடனே எனக்குப் புரிந்ததற்கும் அதுவே காரணம்.

1981 மே 18, திங்கட்கிழமை. அன்று எங்கள் இருவருக்கும் விடுமுறை. “மிஹோ, வா” என்று மட்டும் சொன்னார். எங்கே என்று நான் கேட்கவில்லை. பேருந்தில் ஏறிச் சன்செட் சாலையில் இறங்கி மேட்டில் நடந்தோம். கார் நிறுத்துமிடத்துக்கு வந்ததும் அவர் நின்றுவிட்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கறுப்புத் தாரின் மேல் போட்டிருந்த வெள்ளைக் கோடுகளைப் பார்த்தபடி சிறிது நேரம் நின்றார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு நடந்தார். எங்களுக்குக் கிடைத்தவை கடைசி வரிசையிலிருந்த மலிவான இருக்கைகள். சுற்றிலும் மெக்சிகோவின் கொடிகள், குடும்பம் குடும்பமாக மக்கள், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த பாட்டிமார். அன்றைய எதிரணி ஃபிலடெல்ஃபியா. முதல் இன்னிங்ஸிலேயே மைக் ஷ்மிட் அடித்த பந்து வேலியைத் தாண்டிப் போனது. ஐம்பதாயிரம் பேர் ஒரே நேரத்தில் மூச்சை விட்டது போன்ற ஒரு சத்தம், அதன் பின் அமைதி. அந்த அமைதியில் பெரியவர் எழுந்து நின்று கைதட்டத் தொடங்கினார். எனக்கு முன்னும் பின்னும் இருந்தவர்களும் எழுந்தார்கள். டாட்ஜர்ஸ் அன்று 4-0 என்று தோற்றது; அதுவே ஃபெர்னாண்டோவின் முதல் தோல்வி. கூட்டம் கலையும்போது பெரியவர் என்னிடம், “இனி இவர் நம் வீட்டுப் பிள்ளை. ஜெயிக்கும்போது மட்டும் வந்து பார்ப்பது முறையா?” என்றார்.

நீங்கள் கேட்ட அழுகையின் வேர் அங்கே இருக்கிறது. இருபது ஆண்டுகள் வராதவர்களை அந்த மைதானத்துக்குள் வரவைத்தவர் அவர். அவர்களிடம் யாரும் மன்னிப்புக் கேட்டு அது நடக்கவில்லை, அநீதி சரிசெய்யப்பட்டும் நடக்கவில்லை. தங்களைப் போன்ற ஒருவர் அந்த மண்ணின் நடுவில், எல்லாரும் பார்க்கும் எறிமேட்டில் நிற்கிறார் என்பதால் நடந்தது. அவர் பழைய காயத்தை ஆற்றிவிட்டார் என்று சிலர் எழுதுவதை நான் ஏற்பதில்லை. வீடிழந்தவர்களுக்கு வீடு திரும்பவில்லை. பெரியவர் அதற்குப் பிறகும் தார்த்தரையைக் கடக்கும்போதெல்லாம் தொப்பியைக் கழற்றத்தான் செய்தார். ஆனால் இன்று அந்த மைதானத்தின் இருக்கைகளில் பெரும் பங்கு லத்தீன் அமெரிக்க வம்சாவளி மக்களால் நிரம்புகிறது என்றால், அந்த வாசலைத் திறந்தவர் அவர்தான்.

அந்த ஆண்டு வீரர்களின் வேலைநிறுத்தத்தால் பருவம் நடுவில் இரண்டு மாதம் முடங்கியது. அப்படியிருந்தும் 13 வெற்றிகள், 180 ஸ்ட்ரைக் அவுட்கள், எதிரணிக்கு ரன்னே கொடுக்காத எட்டு ஷட்அவுட்கள். சிறந்த புதுமுக வீரர் விருதையும், சிறந்த பிட்சருக்கான சை யங் விருதையும் ஒரே ஆண்டில் பெற்றார். அதற்கு முன்னும் பின்னும் வேறு எவரும் அவ்விரண்டையும் சேர்த்துப் பெற்றதில்லை. 1986-இல் 21 வெற்றிகள். அதே ஆண்டில் நட்சத்திர வீரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் தொடர்ச்சியாக ஐந்து பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கி, 1934-இல் கார்ல் ஹப்பெல் செய்த சாதனையைச் சமன் செய்தார். ஹப்பெலும் ஸ்க்ரூபால் எறிந்த இடதுகைக்காரர் என்பது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்க வைக்கும் பொருத்தம். பேட் பிடிக்கவும் தெரிந்தவர் அவர்; பத்து ஹோம் ரன்கள் அவர் கணக்கில் உண்டு.

அவருக்கு ஏன் 300 வெற்றிகள் வரவில்லை, ஏன் புகழ்க்கூடம் திறக்கவில்லை என்பதற்கும் பதில் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. 1982 முதல் 1987 வரை ஆறு ஆண்டுகள், ஆண்டுதோறும் 250 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தார். 1986-இல் மட்டும் இருபது ஆட்டங்களைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தாமே எறிந்தார். இன்று ஒரு பிட்சர் ஒரு பருவத்தில் இரண்டு மூன்று முழு ஆட்டங்கள் எறிந்தாலே பெரிதாகப் பேசுகிறார்கள். முழங்கையையும் தோளையும் முறுக்கும் ஒரு பந்தை முதன்மை ஆயுதமாகக் கொண்ட இளைஞரை, உடல் முதிர்ச்சி அடையுமுன்பே, இத்தனை சுமக்க வைத்தார்கள். அவர் முடியாது என்று ஒருநாளும் சொன்னதில்லை என்பார்கள். சொல்லமாட்டார் என்று தெரிந்த பிள்ளையிடம் கூடுதலாகக் கேட்டது சரியல்ல என்பது என் கருத்து. அவர் எறிகிறார் என்றால் மைதானம் நிரம்பும்; அந்தக் கணக்கும் இதில் கலந்திருந்தது என்றுதான் நான் இன்றும் நம்புகிறேன். 1988-இல் தோள் கைவிட்டது. அந்த ஆண்டு டாட்ஜர்ஸ் கோப்பையை வென்றபோது அவரால் களத்தில் இருக்க முடியவில்லை.

ஆனாலும் 1990 ஜூன் 29 என்று ஒரு நாள் மீதமிருந்தது. அன்று மாலை, ஓக்லண்ட் அணியின் டேவ் ஸ்டூவர்ட், முன்னர் டாட்ஜர்ஸில் ஃபெர்னாண்டோவுடன் ஆடியவர், டொரண்டோவில் எதிரணிக்கு ஒரு ஹிட்டும் (பேட்டரைப் பேஸுக்குக் கொண்டுசேர்க்கும் அடி) கொடுக்காமல் நோ-ஹிட்டர் எறிந்தார். அதை ஓய்வறைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுக் களமிறங்கிய ஃபெர்னாண்டோ, செயின்ட் லூயிஸ் அணிக்கு எதிராகத் தாமும் ஒரு நோ-ஹிட்டர் எறிந்தார். கடைசி பேட்டர் அவருடைய பழைய தோழர் பெட்ரோ கெரேரோ. அவர் அடித்த பந்து ஃபெர்னாண்டோவின் கையுறையில் உரசித் திசைமாறி இரண்டாம் பேஸ் வீரரிடம் போய், இரட்டை அவுட்டாக முடிந்தது. சோம்ப்ரேரோ (மெக்சிகோவின் அகன்ற தொப்பி) வைத்திருந்தால் அதை வானத்தை நோக்கி வீசுங்கள் என்று ஆங்கில வர்ணனையாளர் வின் ஸ்கல்லி கூவினார். ஒன்பது மாதம் கழித்து, 1991 மார்ச் இறுதியில், பருவம் தொடங்க இரு வாரங்கூட இல்லாத நிலையில், டாட்ஜர்ஸ் அணி அவரை விடுவித்தது. அந்தச் செய்தியைக் கேட்ட மாலையில் பெரியவர் ரேடியோவைப் போடவே இல்லை.

பிறகு பல அணிகளில் ஆடினார், மெக்சிகோவுக்கும் திரும்பிப் போய் எறிந்துவிட்டு வந்தார். அதில் நான் நினைவில் வைத்திருப்பது 1996 ஆகஸ்ட் 16. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் வெளியே, முதன்மை லீகான மேஜர் லீகின் முதல் பருவ ஆட்டம் மெக்சிகோவின் மான்டெர்ரே நகரில் நடந்தபோது, சான் டியேகோ அணிக்காக எறிந்து வென்றவர் அவர்தான். 1997 மேஜர் லீகில் அவருடைய கடைசி ஆண்டு. அணி நிர்வாகத்தின் மேல் அவருக்கு மனத்தாங்கல் இருந்ததை அவருடைய நீண்ட விலகலே சொன்னது. 2003-இல் ஸ்பானிய வானொலி வர்ணனைக்குத் திரும்பி வந்து, தமக்கு மொழிபெயர்த்த அதே ஹைமே ஹாரினின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருடைய குரல் மென்மையானது, சொற்கள் குறைவு. ஒரு பிட்சர் தடுமாறும்போது திட்டமாட்டார். அடுத்து என்ன எறியலாம் என்று மெல்லச் சொல்வார். இருபது ஆண்டுகளுக்கு மேல் எத்தனையோ வீடுகளில் இரவு உணவு அந்தக் குரலோடு நடந்தது. அதனால்தான் அவருடைய மறைவு, பழைய நட்சத்திரம் ஒருவரின் மறைவாக இல்லாமல் வீட்டில் ஒருவர் இல்லாமற்போனது போல் இருந்தது.

34 என்ற அவருடைய எண்ணை அவர் டாட்ஜர்ஸை விட்டுப் போன பிறகு அந்த அணியில் வேறு எவரும் அணியவில்லை. புகழ்க்கூடத்தில் இடம்பெற்றவர்களின் எண்ணுக்கே ஓய்வு கொடுப்பது அணியின் வழக்கம். அணியின் முன்னாள் வீரரும் பயிற்சியாளருமான ஜிம் கில்லியம் ஒருவருக்கு மட்டுமே அதற்கு முன் விலக்கு அளித்திருந்தார்கள். மெக்சிகோ லீக் 2019-இல் எல்லா அணிகளிலும் அந்த எண்ணுக்கு ஓய்வு கொடுத்துவிட்டது. டாட்ஜர்ஸ் 2023 ஆகஸ்ட் 11 அன்றுதான் செய்தது. தாமதம் என்று அன்று பலர் கோபப்பட்டோம். பதினான்கு மாதங்களில் அவர் போய்விடுவார் என்று தெரிந்திருந்தால், அவர் கண்ணால் பார்க்கவாவது நடந்ததே என்று நன்றி சொல்லியிருப்போம்.

2024 செப்டம்பர் வரை வர்ணனை அறையில் இருந்தவர் உடல்நலக் குறைவால் விலகினார். அக்டோபர் 22 இரவு செய்தி வந்தது. மறுநாள் காலை மைதானத்தின் நுழைவுப் பலகைக்குப் போனேன். பூக்கள், நீல மெழுகுவர்த்திகள், 34 எழுதிய பழைய சட்டைகள், சிறுவர்கள் எழுதிய காகிதங்கள். ஒரு நடுவயதுப் பெண் தம் தந்தையின் படத்தை ஃபெர்னாண்டோவின் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டுக்கும் சேர்த்து ஒரே விளக்கை ஏற்றினார். எங்கள் பெரியவர் இறந்து வெகுநாளாகிறது. அவருடைய படம் என்னிடம் இல்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு சிறிது நேரம் நின்றேன்.

மூன்று நாளில், ஆண்டின் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடர் தொடங்கியது. டாட்ஜர்ஸும் நியூயார்க் யாங்கீஸும் 1981-க்குப் பிறகு முதல்முறையாக அதில் மோதின. வீரர்களின் சட்டைக் கையில் 34 என்ற எண் தைக்கப்பட்டிருந்தது. ஐந்தே ஆட்டங்களில் டாட்ஜர்ஸ் வென்றது. வெற்றி ஊர்வலம் நவம்பர் 1 அன்று. அவருக்கு 64 வயது நிறைந்திருக்க வேண்டிய நாள் அது. மெக்சிகோ மக்கள் மறைந்தவர்களை வீட்டுக்கு அழைத்துப் படையல் வைக்கும் நாட்களின் தொடக்கமும் அதுவே. யாரும் திட்டமிட்டு வைத்ததல்ல. கூட்டத்தில் நின்ற பலர் வெற்றிக்காக ஆரவாரம் செய்துகொண்டே அழுததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பலரும் 1990-இன் நோ-ஹிட்டரைச் சொல்வார்கள். நான் 1981 அக்டோபர் 23 அன்று நடந்த உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டத்தைப் பார்க்கச் சொல்வேன். யாங்கீஸிடம் முதல் இரண்டு ஆட்டங்களையும் தோற்றுவிட்டு டாட்ஜர்ஸ் ஊர் திரும்பியிருந்தது. அன்று ஃபெர்னாண்டோவிடம் ஒன்றும் சரியாக இல்லை. ஸ்க்ரூபால் கட்டுப்படவில்லை. ஒன்பது ஹிட், ஏழு வாக் (தவறான நான்கு பந்துகளால் பேட்டருக்கு இலவசமாகக் கிடைக்கும் பேஸ்). முதல் இன்னிங்ஸில் டாட்ஜர்ஸின் ரான் சே அடித்த ஹோம் ரன்னால் கிடைத்த 3-0 முன்னிலையை, மூன்றாம் இன்னிங்ஸ் முடிவதற்குள் யாங்கீஸ் 4-3 என்று தலைகீழாக்கிவிட்டார்கள். எந்த மேலாளரும் அவரைக் களத்திலிருந்து எடுத்திருப்பார். லசோர்டா எடுக்கவில்லை. முன்பத்திகளில் நான் குறைகூறிய அதே பழக்கந்தான் இது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அன்று அந்த முடிவு இல்லாமல் இந்த ஆட்டமும் இல்லை.

நான்காவது இன்னிங்ஸிலிருந்து அவர் செய்வதைக் கவனியுங்கள். பேஸ்களில் ஆள் நிற்காத இன்னிங்ஸ் அபூர்வம். ஒவ்வொரு முறையும் மேட்டின் பின்பக்கம் இறங்கிப் பந்தைக் கைகளில் தேய்த்துக்கொண்டு, அவசரமில்லாமல் மேலே ஏறுவார். முகத்தில் எதுவும் தெரியாது. ஐந்தாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸ் 5-4 என்று முன்னேறியது. அதன் பிறகு யாங்கீஸுக்கு ரன்னே கிடைக்கவில்லை. எட்டாவதில் யாருமே அவுட் ஆகாமல் இருவர் பேஸில் நிற்க, பந்தை மெல்லத் தட்டிவிடும் பண்ட் அடிக்க முயன்ற பாபி மர்சரின் பந்து கோட்டுக்கு வெளியே மேலெழும்ப, ரான் சே பாய்ந்து விழுந்து பிடித்து இரட்டை அவுட் ஆக்கியதைத் தவறவிடாதீர்கள். ஒன்பதாவது இன்னிங்ஸில் அவர் 150 பந்துகளை நெருங்கியிருந்தார். லூ பினியெல்லா நிற்கிறார். கால் உயர்கிறது, கண்கள் மேலே போகின்றன.

அந்த வெள்ளிக்கிழமை இரவு நான் இதைப் பார்க்கவில்லை. சமையலறையில் ஸ்பானிய வர்ணனையில் கேட்டேன். எனக்கு அப்போது அந்த மொழியில் எண்களும் சாப்பாட்டுப் பெயர்களும் மட்டும் தெரியும். கடைசிப் பந்தின்போது பெரியவர் குழாயை மூடிவிட்டு, சோப்புக் கையோடு ரேடியோவின் பக்கம் தலையைச் சாய்த்து நின்றார். வர்ணனையாளர் கத்தியதில் எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. பெரியவர் திரும்பி, ஈரக் கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, “பார்த்தாயா, மிஹோ, பார்த்தாயா” என்றார்.